18 சர்வர்களில் புராக்ஸ்மாக்ஸ்: நிறுவலையும் நெட்வொர்க்கையும் கை படாமல் முடிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளில், விஎம்வேரை விட்டு புராக்ஸ்மாக்ஸுக்கு மாறுகிறீர்கள். 18 புதிய சர்வர்கள் ரேக்கில் ஏறிவிட்டன. இரண்டை மட்டும் கையால் நிறுவிப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை விழுங்கியது, இரண்டாவதில் கேட்வே முகவரியையும் தப்பாக அடித்துவிட்டீர்கள். மிச்சமுள்ள 16-ஐ தானாக நிறுவ என்ன வழி? மெஷினை நெட்வொர்க் வழியாகவே பூட் ஆக வைக்கும் பி.எக்ஸ்.இ. சர்வர் கட்டாயம் வேண்டுமா? பல மெஷின்களைத் தானாக ஒரே மாதிரி அமைக்கும் கருவியான ஆன்சிபிள் எந்த இடத்தில் நுழைகிறது? நெட்வொர்க்கை நிறுவும்போதே முழுதாக முடித்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். முடிக்க முயலாதீர்கள். நிறுவும்போது ஹோஸ்டுக்கு, அதாவது ஒவ்வொரு சர்வருக்கும், ஒரே ஒரு கால் போதும்: ஒரு நெட்வொர்க் போர்ட், ஒரு நிர்வாக ஐ.பி., இன்ஸ்டாலர் தானாகவே உருவாக்கும் ஒரு பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்). பாண்டு (பல போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டுவது), விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்), ஸ்டோரேஜுக்கான பெரிய எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு), கிளஸ்டருக்கான (ஒரே குழுவாக இயங்கும் ஹோஸ்டுகளுக்கான) தனிப் பாதை எல்லாமே அந்த ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பிறகு செய்ய வேண்டிய வேலைகள்.

காரணம் சுவிட்ச். நீங்கள் அனுப்பிய நெட்வொர்க் படத்தில் ஒவ்வொரு ஹோஸ்டும் இரண்டு சுவிட்சுகளுக்கு எல்.ஏ.சி.பி. பாண்டாகப் போகிறது; இரு முனைகளும் பேசிக்கொண்டு போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டும் முறைதான் எல்.ஏ.சி.பி. நிறுவல் நடக்கும் அரை மணி நேரமும் ஹோஸ்ட் பக்கம் எல்.ஏ.சி.பி. பேச ஆளில்லை. எதிர்முனையில் பதில் வராத போர்ட்டை சுவிட்ச் ஓரங்கட்டிவிடும்; தானாக ஐ.பி. வழங்கும் டி.எச்.சி.பி. வராது, ஐ.பி. கிடைக்காது. நீங்கள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பீர்கள். இதற்கென்றே சுவிட்சுகளில் ஒரு வசதி உண்டு. அரிஸ்டாவில் எல்.ஏ.சி.பி. ஃபால்பேக், ஜூனிப்பரில் ஃபோர்ஸ்-அப். சிஸ்கோ நெக்ஸஸில் சஸ்பெண்ட்-இன்டிவிஜுவல் என்ற அமைப்பை நீக்க வேண்டும். மூன்றின் பொருளும் ஒன்றுதான்: எதிர்முனை எல்.ஏ.சி.பி. பேசாவிட்டாலும் ஒரு போர்ட்டைத் தனியாக இயங்க விடு. கூடவே, நிர்வாக விலானை அந்தப் போர்ட்டில் டேக் இல்லாத நேட்டிவ் விலானாக வையுங்கள். நெட்வொர்க் குழுவிடம் இந்த இரண்டையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மதர்போர்டில் இருக்கும் 1 ஜிகாபிட் போர்ட்டை நிர்வாகத்துக்கென்று ஒதுக்கி, பாண்டில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறேன். ஒரு கேபிள் அதிகம், ஆனால் தலைவலி குறைவு.

அடுத்தது அட்டவணை. சொன்னால் சலிப்பாக இருக்கும், ஆனால் இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. இன்ஸ்டாலரைத் தானாக ஓட வைப்பது ஒரு நாள் வேலை. "இப்போது எழுந்து நிற்கிற இந்தப் பெட்டி எது, இதன் பெயர் என்ன, இதன் எந்த ஓட்டையிலிருந்து எந்தச் சுவிட்சுக்குக் கேபிள் போகிறது" என்பதை ஒரு மெஷினுக்குப் புரியும்படி சொல்வதுதான் உண்மையான வேலை. எனவே கிட்டில் (ஃபைலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஒரு ஃபைல், ஹோஸ்டுக்கு ஒரு வரி. அதில் சீரியல் நம்பர், பெயர், நிர்வாக போர்ட்டின் மேக் முகவரி (போர்ட்டிலேயே பதிந்துவரும் எண்), நிர்வாக ஐ.பி., சர்வரைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் தனிச் சிப்பான பி.எம்.சி.-யின் ஐ.பி., மற்ற போர்ட்டுகளின் மேக் முகவரிகள், ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய சுவிட்ச் போர்ட். டி.என்.எஸ்., இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள், ஆன்சிபிள் பட்டியல் மூன்றும் இந்த ஒரே ஃபைலிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒரே ஐ.பி.-யை மூன்று இடத்தில் தட்டச்சு செய்தால், உங்கள் இரண்டாவது ஹோஸ்டின் கேட்வேக்கு நேர்ந்தது திரும்ப நடக்கும்.

சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு சிறிய அசெம்ப்ளரிடம் வாங்கிய ஐந்து சர்வர்களுக்கு நான் விடை தரும் ஸ்கிரிப்ட் எழுதினேன், அடையாளம் சீரியல் நம்பர். முதல் சர்வர் அழகாக நிறுவப்பட்டது. இரண்டாவதும் அழகாகத்தான் நிறுவப்பட்டது, ஆனால் முதலாவதின் பெயரோடும் ஐ.பி.-யோடும். போய்ப் பார்த்தால் ஐந்திலும் சீரியல் நம்பர் 0123456789. பயாஸில் அந்த இடத்தை நிரப்பாமலே அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும் ஒழுங்கான எண் இருந்தது, அதை எந்த சாஃப்ட்வேர் படிக்கும்? அன்றிலிருந்து சீரியல், மேக் இரண்டும் அட்டவணையோடு பொருந்தினால்தான் என் ஸ்கிரிப்ட் விடை தரும்.

இனி புராக்ஸ்மாக்ஸ் பக்கம் வருவோம். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து தானியங்கி நிறுவல் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. அதற்கு முன்னால் டெபியன் லினக்ஸை அதன் சொந்தத் தானியங்கி முறையான ப்ரீசீடு கொண்டு நிறுவி அதன் மேல் புராக்ஸ்மாக்ஸ் பொதிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். இணையத்தில் இன்னும் அந்தப் பழைய வழிகாட்டிகள்தான் நிறையக் கிடக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போங்கள். இப்போது தேவை ஆட்டோ-இன்ஸ்டால்-அசிஸ்டன்ட் என்ற சிறு கருவி. வழக்கமான ஐ.எஸ்.ஓ.-வை (நிறுவல் சி.டி.-யின் ஃபைல் வடிவம்) அதனிடம் கொடுத்தால், கேள்வி கேட்காமல் நிறுவும் ஐ.எஸ்.ஓ.-வாக மாற்றித் தரும். விடைகள் டாமல் (TOML) என்ற எளிய உரை வடிவ ஃபைலில் இருக்கும். முக்கியப் பகுதிகள் மூன்று: பெயர், நேர மண்டலம், ரூட் கடவுச்சொல், எஸ்.எஸ்.எச். சாவி (தூரத்திலிருந்து கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைய) ஆகியவை பொதுப் பகுதியில். அதன் பின் நெட்வொர்க். அதன் பின் டிஸ்க்.

விடை ஃபைல் இன்ஸ்டாலரின் கைக்குப் போக மூன்று பாதைகள் உண்டு. ஐ.எஸ்.ஓ.-வுக்குள்ளேயே திணிக்கலாம், ஆனால் 16 ஹோஸ்டுக்கு 16 ஐ.எஸ்.ஓ. ஆகிவிடும். புராக்ஸ்மாக்ஸ்-எய்ஸ் என்று லேபிளிட்ட பார்ட்டிஷனில் வைத்து இன்னொரு பென் டிரைவாகச் செருகலாம். ஒன்றிரண்டு சர்வருக்கு அது சரி. உங்களுக்கு ஏற்றது மூன்றாவது, எச்.டி.டி.பி. வழி. எல்லா ஹோஸ்டுக்கும் ஒரே ஐ.எஸ்.ஓ. இன்ஸ்டாலர் எழுந்ததும் தன்னைப் பற்றிய விவரங்களை, சீரியல் நம்பர், போர்ட்டுகளின் மேக் முகவரிகள் எல்லாவற்றையும், ஒரு ஜேசன் (JSON) உரை மூட்டையாகக் கட்டி நீங்கள் சொன்ன முகவரிக்கு போஸ்ட் செய்யும். உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிரித்துப் பார்த்து, அட்டவணையில் ஆளைக் கண்டுபிடித்து, அவருக்கான டாமலைத் திருப்பித் தரும். பைத்தானில் அறுபது எழுபது வரிக்கு மேல் போகாது. அந்த முகவரியை ஐ.எஸ்.ஓ. தயாரிக்கும்போதே பதித்துவிடலாம், டி.எச்.சி.பி. ஆப்ஷன் 250 வழியாகவோ, டி.என்.எஸ்.-இல் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாகவோ கொடுக்கவும் முடியும். விடையில் கடவுச்சொல் போவதால் எச்.டி.டி.பி.எஸ். வையுங்கள், சொந்தமாக உருவாக்கிய சான்றிதழ் என்றால் அதன் கைரேகையைச் சேர்த்துக் கொடுக்க வழியிருக்கிறது. கடவுச்சொல்லை ஹாஷாக (மூலச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத வடிவில்) தரவும் தற்போதைய பதிப்புகளில் இடமுண்டு. ஃபைலில் வரும் சொற்களின் எழுத்துமுறை பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறியிருக்கிறது, ஆகையால் அனுப்பும் முன் அந்தக் கருவியின் சரிபார்க்கும் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

நெட்வொர்க் பகுதியில் இரண்டு தேர்வு: டி.எச்.சி.பி. சொன்னதை ஏற்பது, அல்லது விடை ஃபைல் சொன்னதை ஏற்பது. முதலாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டி.எச்.சி.பி.-யில் கிடைத்த ஐ.பி.-யை இன்ஸ்டாலர் அப்படியே நிலையான முகவரியாக எழுதிவிடும். அது தற்காலிகமாகக் கிடைத்த முகவரி என்று ஹோஸ்டுக்குத் தெரியாது; ஆறு மாதம் கழித்து டி.எச்.சி.பி. சர்வர் அதே எண்ணை யாருடைய லேப்டாப்புக்கோ கொடுக்கும். எனவே இரண்டாவதையே எடுங்கள். ஐ.பி.-யோடு சப்நெட், கேட்வே, டி.என்.எஸ்., எந்தப் போர்ட் என்ற வடிகட்டி எல்லாம் கொடுக்க வேண்டும். வடிகட்டியில் போர்ட்டின் பெயரை எழுதாதீர்கள், மேக் முகவரியை எழுதுங்கள்: கோலன் இல்லாமல், சிறிய எழுத்தில், முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு. போர்ட்டின் பெயர் ஏன் கூடாது என்பதற்குக் கீழே வருகிறேன்.

டிஸ்க் பகுதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பல எடுத்துக்காட்டுகளில் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்று கர்னல் வைக்கும் வரிசைப் பெயர்களையே எழுதியிருப்பார்கள். பி.எம்.சி. வழியாக மாட்டிய மாய சி.டி.-யோ பென் டிரைவோ உள்ளே இருந்தால் அந்த வரிசை இடம் மாறிவிடும். மாடல் பெயரை வைத்து வடிகட்டுங்கள். இசட்.எஃப்.எஸ். மிரர் (ஒரே தகவலை ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் எழுதும் முறை) கேட்டிருந்தால் வடிகட்டியில் விழும் எல்லா டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூட்டுக்கான இரண்டு சிறிய எஸ்.எஸ்.டி.-க்களும் டேட்டா டிஸ்க்குகளும் ஒரே மாடலாக இருந்தால் சீரியல் நம்பரைக் கொண்டு பிரிக்க வேண்டியதுதான். எது விழும், எது விழாது என்று முன்கூட்டியே பார்க்க அதே அசிஸ்டன்ட் கருவியில் ஒரு கட்டளை இருக்கிறது. நீங்கள் கையால் நிறுவிய அந்த இரண்டு ஹோஸ்டும் இதற்குப் பயன்படும். அங்கே அதை ஓட்டிப் பாருங்கள், ஒன்றையும் அழிக்காது.

பி.எக்ஸ்.இ. வேண்டுமா என்றால், 16 சர்வருக்கு வேண்டாம் என்பேன். புராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலர் தன் முழு ஐ.எஸ்.ஓ.-வையும் தேடும் இனம். அதனால் பி.எக்ஸ்.இ. வழியில் செல்பவர்கள் ஒரு ஜி.பி.-க்கு மேலுள்ள அந்த ஐ.எஸ்.ஓ.-வை பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்டிஸ்க்குக்குள்ளேயே அடைத்து அனுப்புகிறார்கள். டி.எஃப்.டி.பி. என்ற மெதுவான பழைய முறையில் அதை அனுப்பினால் டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு டீயும் குடிக்கலாம். ஐபிஎக்ஸ்இ (பி.எக்ஸ்.இ.-யின் மேம்பட்ட வடிவம்) கொண்டு எச்.டி.டி.பி.-யில் இழுத்தால் வேகமாக இருக்கும். மாதா மாதம் புது ரேக் வருகிற இடமென்றால் அதைக் கட்டுவது நியாயம். உங்களுக்கு, பி.எம்.சி.-க்கு ஸ்கிரிப்டிலிருந்து கட்டளை அனுப்ப உதவும் ரெட்ஃபிஷ் போதும். இரண்டே கோரிக்கைகள்: இந்த முகவரியில் உள்ள ஐ.எஸ்.ஓ.-வை மாய சி.டி.-யாக மாட்டு, அடுத்த ஒரு தடவை மட்டும் சி.டி.-யிலிருந்து பூட் ஆகு. அதன் பின் ரீஸ்டார்ட். பல தயாரிப்புகளில் மாய சி.டி.-க்குத் தனி லைசென்ஸ் கேட்பார்கள், வாங்கும் ஆர்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பி.எம்.சி. போர்ட்டுகள் மெதுவானவை, ஆகவே நான்கு நான்காக ஓட்டுங்கள்.

அந்த "ஒரு தடவை மட்டும்" என்பதை அலட்சியமாக விடாதீர்கள். பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றிவைத்தால், நிறுவி முடித்து ரீஸ்டார்ட் ஆகும் ஹோஸ்ட் மறுபடி இன்ஸ்டாலரில் போய் விழும், மறுபடி நிறுவும், விடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். நினைத்துப் பாருங்கள், அந்த ஐ.எஸ்.ஓ. கேள்வி கேட்காமல் டிஸ்க்கைத் துடைக்கும் ஆயுதம். பென் டிரைவில் ஏற்றி மேஜை டிராயரில் போட்டுவைக்கிற பொருளா அது? என் விடை ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் ஒரு நிலை இருக்கும். "நிறுவ அனுமதி" என்று நான் கையால் மாற்றியிருந்தால்தான் விடை போகும். நிறுவல் முடிந்ததும் இன்ஸ்டாலர் ஒரு வெப்ஹுக் (வேலை முடிந்தது என்ற எச்.டி.டி.பி. செய்தி) அனுப்பும். அது வந்து சேர்ந்த நொடியே நிலை பூட்டப்படும். அதன் பிறகு அந்த ஐ.எஸ்.ஓ. தவறுதலாக பூட் ஆனாலும் விடை கிடைக்காமல் நின்றுவிடும், டிஸ்க்கில் கை வைக்காது.

இப்போது ஹோஸ்ட் ஒற்றைக் காலில் நிற்கிறது, உங்கள் எஸ்.எஸ்.எச். சாவி உள்ளே இருக்கிறது. ஆன்சிபிள் நுழைவது இங்கேதான்.

முதல் வேலை பெயர்கள். லினக்ஸில் போர்ட்டின் பெயர் கார்டு செருகிய ஸ்லாட்டையும் டிரைவரையும் ஒட்டி வருவது. புது கார்டு ஒன்றைச் செருகினால் பி.சி.ஐ. எண்கள் நகர்ந்து பெயர் மாறலாம். கர்னல் மாறினாலும் மாறலாம், 8.2-உடன் கர்னல் 6.8 வந்தபோது சில கார்டுகளின் பெயருக்குப் பின்னால் என்.பி.0 என்று ஒரு வால் முளைத்தது. கட்டமைப்பு ஃபைலில் பழைய பெயர், மெஷினில் புதிய பெயர், ரீபூட்டுக்குப் பிறகு ஹோஸ்ட் ஊமை. ஆகவே ஒவ்வொரு மேக் முகவரிக்கும் நீங்களே ஒரு பெயரைக் கட்டிவிடுங்கள், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லிங்க் ஃபைல் வழியாக. 9-ஆம் பதிப்பில் இதற்கென்றே பின்னிங் (பெயரை நிலைநிறுத்தும்) கருவி தந்திருக்கிறார்கள். அதன் பிறகு எல்லா ஹோஸ்டிலும் ஸ்டோரேஜ் போர்ட் ஒரே பெயரில் இருக்கும், ஒரே டெம்ப்ளேட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, கேபிளை நம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்வது. எல்.எல்.டி.பி. டீமனை (சுவிட்சுகள் அனுப்பும் அறிமுகச் செய்திகளைக் கேட்கும் பின்னணி மென்பொருள்) நிறுவி அரை நிமிடம் காத்திருந்தால், ஒவ்வொரு போர்ட்டும் எந்தச் சுவிட்சின் எத்தனையாவது போர்ட்டோடு பேசுகிறது என்று சொல்லிவிடும். அதை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் ஆன்சிபிள் அங்கேயே நிற்க வேண்டும். 16 ஹோஸ்டில் இரண்டிலாவது கேபிள் மாறியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இன்டெல் எக்ஸ்710 கார்டு இருந்தால் ஒரு விஷயம்: அதன் ஃபர்ம்வேரே எல்.எல்.டி.பி. செய்திகளை விழுங்கிவிடும், டீமனுக்கு ஒன்றும் வராது. ஈத்டூல் கட்டளை மூலம் அந்த ஃபர்ம்வேர் ஏஜென்ட்டை அணைத்த பிறகே பேச்சு கேட்கும். இதைத் தெரியாமல் நான் ஒரு பகல் முழுக்க சுவிட்ச் ஆட்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மூன்றாவதாக, உண்மையான நெட்வொர்க் ஃபைல். பாண்டுக்கு 802.3ஏடி முறை (அதாவது எல்.ஏ.சி.பி.), டிராஃபிக்கைப் பிரிக்கும் ஹாஷ் கொள்கை லேயர் 3+4. அதன் மேல் விலான் அறியும் ஒரே பிரிட்ஜ். விலானுக்கு ஒரு பிரிட்ஜ் என்று இருபது பிரிட்ஜ் கட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம். புராக்ஸ்மாக்ஸில் இஃப்அப்டவுன்2 என்ற நெட்வொர்க் கருவி இருப்பதால் ரீபூட் இல்லாமலே புது ஃபைலை ஏற்றலாம். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டும் வேலை இது, திரும்பி வர வழி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். நான் செய்வது: பழைய ஃபைலைப் பிரதி எடு, மூன்று நிமிடம் கழித்து அந்தப் பிரதியைத் திரும்ப வைத்து ரீலோடு செய்யும் ஒரு டைமரை சிஸ்டம்டியில் போடு, புது ஃபைலை ஏற்று, ஆன்சிபிள் மறுபடி உள்ளே வர முடிந்து, ஹோஸ்டிலிருந்து கேட்வேயும் பதில் சொன்னால் டைமரை ரத்து செய். உள்ளே வர முடியவில்லை என்றால் மூன்று நிமிடத்தில் ஹோஸ்ட் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பி.எம்.சி. கன்சோலைத் திறந்து ரூட் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஸ்டோரேஜ் பாதையில் எம்.டி.யு. 9000 வைத்தால், வழக்கமான பிங் எதையும் நிரூபிக்காது. 8972 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங் செய்யுங்கள். 9000-இல் ஐ.பி. தலைப்புக்கு 20-ம் பிங் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8-ம் போக மிச்சம் அதுதான். வழியில் ஒரே ஒரு சுவிட்ச் போர்ட் 1500-இல் இருந்தாலும் இது அடைபடும்.

மற்றவை சில்லறை வேலைகள்: சந்தா இல்லையென்றால் என்டர்பிரைஸ் ரெப்போவை அணைப்பது, நேர சர்வர், மானிட்டரிங். அதற்கெல்லாம் ஆயத்த ஆன்சிபிள் ரோல்கள் கிடைக்கின்றன.

கிளஸ்டரில் சேர்ப்பதை மட்டும் 16-ஐயும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஆன்சிபிளில் சீரியல் 1 (ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்) என்று வைத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள், சேர்ந்ததும் குவோரம் (பெரும்பான்மை ஹோஸ்டுகள் தொடர்பில் இருப்பது) நிலையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். கிளஸ்டரை ஒன்றாகப் பிடித்துவைக்கும் கோரோசிங்குக்கு அகலப் பாதை தேவையில்லை, தாமதமில்லாத பாதை தேவை. ஹோஸ்டுகளுக்கு இடையே 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது புராக்ஸ்மாக்ஸ்காரர்களின் கணக்கு. பேக்கப் ஓடும் போர்ட்டில் அதைக் கொண்டுபோய் வைத்தால் இரவு 2 மணிக்கு ஹோஸ்டுகள் ஒன்றை ஒன்று தொலைக்கும். இரண்டு தனி இணைப்புகள் கொடுங்கள், நிர்வாக போர்ட் ஒன்று, வேறொன்று. சேர்க்கும் முன் ஹோஸ்டின் பெயர் அதன் சொந்த ஐ.பி.-யாகவே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் ஐ.பி.-யும் பிறகு மாறினால் கிளஸ்டர் அதைச் சுலபமாக மன்னிக்காது. விடை ஃபைலிலேயே கடைசி ஐ.பி.-யைக் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவேளை மேலிடம் மனம் மாறி விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ-யிலேயே இருப்போம் என்றால், அங்கே கிக்ஸ்டார்ட் ஃபைல் இருக்கிறது, யோசனை இதேதான். இரண்டு எச்சரிக்கை மட்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் அமைப்பு) இயங்கினால் கிக்ஸ்டார்ட்டின் ஃபர்ஸ்ட்பூட் (முதல் பூட்டில் ஓட வேண்டிய) பகுதி ஓடாது. பலர் நெட்வொர்க் கட்டளைகள் எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிப்பார்கள். மற்றொன்று, ஒரு ஹோஸ்டின் பூட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் பரப்பாதீர்கள். நிர்வாக இடைமுகம் நிறுவியபோது இருந்த போர்ட்டின் மேக் முகவரியை எடுத்துக்கொண்டிருக்கும், நகல்கள் எல்லாம் அதே மேக்கோடு எழுந்து சுவிட்சைக் குழப்பும்.

கடைசியாக, நீங்கள் கையால் நிறுவிய அந்த இரண்டு ஹோஸ்டுகளையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். 16-உம் கிளஸ்டரில் உட்கார்ந்த பின் அவற்றையும் துடைத்து இதே வழியில் நிறுவுங்கள். ஏற்கெனவே கிளஸ்டரில் சேர்த்திருந்தால், முதலில் ஹோஸ்டை அணைத்துவிட்டு, மற்றொரு ஹோஸ்டிலிருந்து அதன் பெயரை நீக்கிய பிறகே மறுநிறுவலுக்கு அனுமதி கொடுங்கள். நீக்கிய ஹோஸ்ட் பழைய டிஸ்க்கோடு மறுபடி எழுந்து நெட்வொர்க்கில் தலை காட்டக் கூடாது. அதே பெயரில் திரும்பி வரும்போது பழைய எஸ்.எஸ்.எச். சாவி மற்றவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் துடைக்க ஆன்சிபிளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.